குதிரைத்திறனைக் கேட்காத பாலிசி

கார் இன்சூரன்ஸ் ரசீதில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். ஒன்று தேர்டு பார்ட்டி. அந்தக் காரால் மற்றவர்களுக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கான ஈடு இது. மற்றொன்று ஓன் டேமேஜ். சொந்தக் கார் நசுங்கினாலோ எரிந்தாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ திருடு போனாலோ கிடைக்கும் பணம் இதில் வரும். இரண்டும் சேர்ந்ததை ஊரில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்கிறார்கள். வேகமான கார் ஒன்றை வாங்கப்போகும் இருபது வயதுக்காரருக்கு இந்த இரண்டு கணக்குகளும் எப்படிப் போடப்படுகின்றன என்பது பெரும்பாலும் ஆச்சரியமாகவே இருக்கும். வயது குறைவு, கார் வேகம், ஆகவே பிரீமியம் எகிறும் என்று எதிர்பார்த்துப் போகிறவரிடம் அந்த இரண்டு கேள்விகளையும் யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

தேர்டு பார்ட்டிதான் சட்டப்படி கட்டாயமானது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அது இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை; மறுபடி சிக்கினால் அபராதம் 4,000 ரூபாய். இதன் பிரீமியத்தை நிறுவனங்கள் தீர்மானிப்பதில்லை, மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி, எஞ்சின் கொள்ளளவு 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய்; 1,000-க்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய்; அதற்கும் மேலே போனால் 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும், ஓட்டுகிறவருக்குப் பதினெட்டு வயதானாலும் எண்பது வயதானாலும், தொகை இதுதான்.

பட்டியல் அளப்பது சி.சி.யை மட்டுமே, எஞ்சினின் திறனை அல்ல. டர்போ இல்லாத காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பெரிய எஞ்சின் என்றால் அதிக சக்தி. இன்று அப்படியில்லை. ஹூண்டாய் ஐ20 என் லைனில் இருப்பது 998 சி.சி. டர்போ எஞ்சின். அது 120 குதிரைத்திறன் தருகிறது. ஆனாலும் இரண்டு சி.சி. குறைவு என்பதால் ஆகக் குறைந்த 2,094 ரூபாய் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வோக்ஸ்வாகன் வர்டஸ் ஜி.டி.யின் எஞ்சின் 1,498 சி.சி., 150 குதிரைத்திறன். அதற்கும் நடு வரிசைதான், 3,416 ரூபாய். மாறாக, இன்னும் சில வீட்டு வாசல்களில் உறைபோட்டு நிற்கும் 1,817 சி.சி. அம்பாசடருக்கு வர்டஸின் சக்தியில் பாதிதான் இருக்கும். அதன் உரிமையாளர் கட்ட வேண்டியதோ 7,897 ரூபாய். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் அம்பாசடரை வெளியே எடுக்கும் தாத்தா, டர்போ கார் ஓட்டும் பேரனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கட்டுகிறார்.

குறைந்த பிரீமியம் கட்டினால் பாதுகாப்பும் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. மற்றவரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்டு பார்ட்டியில் உச்சவரம்பே கிடையாது. தீர்ப்பாயம் எவ்வளவு விதித்தாலும் நிறுவனம் தர வேண்டும். பொருள் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் ரூபாய் வரம்பு. நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக இதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளவும் ஒரு வசதி உண்டு. நகரத்துச் சிக்னலில் முன்னால் நிற்பது எந்தக் காராக இருக்கும் என்பது யாருக்கும் தெரியாத நிலையில் இதைவிட மோசமான பேரம் இருக்க முடியாது.

உண்மையான செலவு ஓன் டேமேஜில் இருக்கிறது. இதன் அடிப்படை ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு. புது காரின் ஷோரூம் விலையில் தேய்மானம் கழித்து இது வருகிறது: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். கார் முழுதாகப் போய்விட்டால் கிடைக்கக்கூடிய உச்சத் தொகையும் இதுவே. ஓன் டேமேஜ் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 2007 ஜனவரியில் நீங்கிவிட்டது. ஆனாலும் பழைய கட்டணப் பட்டியலின் எலும்புக்கூடு இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தப் பட்டியல் நாட்டை இரண்டு மண்டலங்களாகப் பிரித்தது. சென்னை, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் உள்ளிட்ட எட்டு நகரங்கள் ‘ஏ’. மற்ற எல்லாம் ‘பி’. ஐந்து வயதுக்கு உட்பட்ட, 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்குச் சென்னையில் ஐ.டி.வி.யில் 3.283 சதவீதம், மதுரையிலோ கோவையிலோ 3.191 சதவீதம். பதினெட்டு லட்சம் ரூபாய் விலையுள்ள புது காருக்கு ஐ.டி.வி. 17 லட்சத்து 10 ஆயிரம். இதற்குச் சென்னைக் கணக்கு 56,139 ரூபாய், கோவைக் கணக்கு 54,566 ரூபாய். நிறுவனங்கள் இதிலிருந்து பெரிய தள்ளுபடி தந்துதான் விற்கின்றன. ஒரே காருக்கு நாலு இடத்தில் விசாரித்தால் நாலு விலை வருவது அதனால்தான்.

விலை உயர உயர இந்தச் சதவீதம் கடிக்கத் தொடங்கும். 2025 மே மாதம் இந்தியாவுக்கு முழுதாக இறக்குமதியாகி வந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் விலை அப்போது 53 லட்சம் ரூபாய், எஞ்சின் 1,984 சி.சி. பழைய பட்டியலில் சென்னைக்கான 3.44 சதவீதத்தைப் போட்டால் தள்ளுபடிக்கு முன் 1 லட்சத்து 73 ஆயிரத்து 204 ரூபாய் வருகிறது. கவனிக்க வேண்டியது, அந்தத் தொகை ஏறியது காரின் 265 குதிரைத்திறனால் அல்ல, அதன் விலையால். அதே விலையில் மெதுவாகப் போகும் எஸ்.யு.வி. ஒன்றை அதே சி.சி. பிரிவில் வாங்கினாலும் பழைய பட்டியலின் கணக்கு மாறாது. இன்றைக்கு நிறுவனங்கள் மாடலைப் பார்த்தும், கிளெய்ம் வரலாற்றைப் பார்த்தும், சில நேரம் உரிமையாளரின் வயதைப் பார்த்தும் தள்ளுபடியைக் கூட்டிக் குறைக்கின்றன. ஆனால் வயதே விலையைத் தீர்மானிக்கும் நிலை இங்கே வரவில்லை.

அந்த நிலை எப்படியிருக்கும் என்பதற்குப் பிரிட்டனைப் பார்த்தால் போதும். அங்கே பல ஆண்டுகளாகக் கார் மாடல்கள் 1 முதல் 50 வரையிலான இன்சூரன்ஸ் குரூப்களில் வைக்கப்பட்டு வந்தன. உதிரிபாக விலை, பழுது பார்க்க ஆகும் நேரம், பூட்டின் உறுதி இவற்றோடு வேகமும் கணக்கில் சேரும். அதன் மேல் ஓட்டுநரின் வயது, உரிமம் வாங்கி எத்தனை நாள், குடியிருக்கும் பகுதியின் அஞ்சல் குறியீடு, பார்க்கும் வேலை எல்லாம் ஏறும். பதினேழு வயதில் உரிமம் வாங்கிய ஒருவர் சிறிய கார் ஒன்றுக்கே ஆண்டுக்கு 2,000 பவுண்டுக்கு மேல் கட்ட நேர்வது அங்கே சாதாரணம். ஹாட் ஹேட்ச் எனப்படும் சிறிய வேகக் கார்களுக்கு அந்த வயதில் பல நிறுவனங்கள் விலையே சொல்வதில்லை. இளைஞர்கள் பிளாக் பாக்ஸ் எனப்படும் கருவியைக் காரில் பொருத்தி, பிரேக் அடிப்பதும் வளைவில் திரும்புவதும் இரவு எத்தனை மணிக்கு வெளியே போவதும் நிறுவனத்துக்குத் தெரியும்படி ஓட்டிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். பையன் ஓட்டும் காருக்கு அப்பாவையே முதன்மை ஓட்டுநர் என்று எழுதிக் கொடுப்பதற்கு ‘ஃபிரன்டிங்’ என்று பெயர், அது மோசடி. பிடிபட்டால் பாலிசி ரத்தாகும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் கருதப்பட்டால் உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகள் ஏறும். உரிமம் வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தாலே உரிமம் பறிபோகும். அந்த ஊரில் இளைஞருக்குக் கண்டிப்பு வாசலிலேயே நிற்கிறது.

நம் ஊரில் அது வாசலில் நிற்பதில்லை. வொர்க்‌ஷாப்பில், சர்வேயர் கையில் டார்ச்சோடு குனியும்போதுதான் எதிர்ப்படுகிறது.

கிளெய்ம் வந்ததும் முதலில் கேட்பது ஓட்டுநர் உரிமம். பாலிசியில் பெயர் குறிப்பிட்டிருக்க வேண்டியதில்லை. உரிமையாளரின் அனுமதியோடு, செல்லுபடியாகும் உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் ஓன் டேமேஜ் செல்லும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவருக்கும் செல்லும், ஆனால் ‘எல்’ பலகை இருக்க வேண்டும், உரிமம் உள்ளவர் பக்கத்தில் அமர்ந்து கற்றுத்தர வேண்டும். இவை இல்லாமல் நண்பர்களோடு ராத்திரி மகாபலிபுரம் போய்வந்த எல்.எல்.ஆர்.காரருக்கு ஓன் டேமேஜ் செல்லாது. உரிமமே இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் காருக்கு ஒரு ரூபாயும் வராது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். ‘பே அண்ட் ரெக்கவர்’ என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்லப்படும் இந்த வழியை 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக வகுத்தது. பாதிக்கப்பட்டவரைக் கைவிடாத தீர்ப்பு அது. உரிமையாளரைத் தப்பவிடாத தீர்ப்பும்கூட.

பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் விஷயம் இன்சூரன்ஸோடு முடியாது. 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். காரின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. 2024 மே 19 அதிகாலை புனேயின் கல்யாணி நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே டைகான் மோதி இருவர் இறந்தபோது இந்தப் பிரிவும் நாடெங்கும் பேசப்பட்டது. கோடிக் கணக்கில் விலையுள்ள அந்தக் காருக்கு 1,758 ரூபாய்க் கட்டணம் கட்டாததால் நிரந்தரப் பதிவு முடியாமலே கிடந்தது என்பது பிறகு தெரிய வந்தது.

அடுத்தது குடி. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். போதையில் ஓட்டியதால் நேர்ந்த சேதத்தைப் பாலிசி ஏற்காது. இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் வேகம் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்று பரவியிருக்கிறது. ‘ஸ்பீடாப் போனா கிளெய்ம் வராது’ என்பார்கள். கவனக்குறைவால் காரைச் சுவரில் மோதியவருக்கும் ஓன் டேமேஜ் உண்டு; மனிதர்கள் கவனம் தவறுவார்கள் என்பதற்காகத்தான் இன்சூரன்ஸே இருக்கிறது. பாலிசி வெளியே தள்ளுவது வேறொன்றை. எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு சிறு பத்தி இருக்கும். வாடகைக்கு விடுதல், சரக்கு ஏற்றுதல் இவற்றோடு பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஓட்டம் ஆகியவையும் அங்கே எழுதப்பட்டிருக்கும். பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை; சாதாரணக் கார் வைத்திருப்பவர் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேகமான கார் வைத்திருப்பவருக்கு மொத்தப் பாலிசியிலும் முக்கியமான பத்தி இதுவே. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ டிராக் நாளில் சொந்தக் காரை இறக்குபவர், தடத்தின் வாசலைத் தாண்டியதும் ஓன் டேமேஜ் இல்லாமல் ஓட்டுகிறார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பான இடத்தில் வேகத்தை அனுபவிக்க நினைப்பவருக்கு இது கொஞ்சம் அநியாயமாகத் தோன்றும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பந்தயம் கட்டி ஓட்டுகிறவருக்கும் இதே பத்திதான் பொருந்தும் என்பதில் அந்த வருத்தம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, காரை மாற்றியமைத்தல். இந்த வட்டாரத்தில் ‘ஸ்டேஜ் ஒன்’ என்பது பழகிப்போன சொல். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் மென்பொருளை மாற்றி எழுதினால் டர்போ காரில் இருபது, முப்பது குதிரைத்திறன் கூடிவிடும். வெளியே எதுவும் தெரியாது. பிறகு சைலன்ஸர் மாறும், சக்கரம் பெரிதாகும், கார் இரண்டு அங்குலம் தாழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறிப்போகும்படி எதையும் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இன்சூரன்ஸ் தரப்பில் கேள்வி இன்னும் நேரடியானது: நிறுவனம் விலை சொன்னது எந்தக் காருக்கு? பாலிசியில் உள்ள கார் வேறு, வொர்க்‌ஷாப்பில் கிடக்கும் கார் வேறு என்றால் கிளெய்ம் சிக்கலாகும். மியூசிக் சிஸ்டம், ஃபாக் விளக்கு போன்ற மின் உபகரணங்களை அவற்றின் மதிப்பைச் சொல்லி, அதில் 4 சதவீதம் கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். சி.என்.ஜி. கிட்டுக்கும் அப்படியே, ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். ஸ்டேஜ் ஒன்னுக்கு அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை.

சேதக் கணக்கு எப்படிப் போடப்படும் என்பதை ஒரு பில்லை வைத்தே பார்க்கலாம். வாங்கி ஒன்றரை ஆண்டான 1,498 சி.சி. கார் ஒன்று பழைய மகாபலிபுரம் சாலையில் நடுத்தடுப்பில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன் பம்பர் 24,000 ரூபாய், எல்.ஈ.டி. ஹெட்லைட் 40,000, பானட் 30,000, ஒரு டயர் 9,000. உதிரிபாகம் மட்டும் 1 லட்சத்து 3 ஆயிரம். பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் பாதித் தேய்மானம். ஆக பம்பரில் 12,000, ஹெட்லைட்டில் 20,000, டயரில் 4,500 ரூபாய் உரிமையாளர் தலையில். இரண்டாம் ஆண்டில் உலோகத்துக்கு 10 சதவீதம், பானட்டில் 3,000. கண்ணாடி உடைந்திருந்தால் அதற்குத் தேய்மானம் இல்லை. இதோடு கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் (1,500 சி.சி.க்கு மேல் என்றால் 2,000). கூட்டினால் 40,500 ரூபாய் கையிலிருந்து போகிறது. ‘பம்பர் டு பம்பர்’ என்று விற்கப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்திருந்தால் டயரும் கழிவும் மட்டும், 5,500 ரூபாய். வேகக் கார்களின் முகப்பு முழுக்கப் பிளாஸ்டிக்கும் விலையுயர்ந்த விளக்குகளுமாக இருப்பதால் இந்தச் சேர்க்கையை விட்டுவிட்டு மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. பல பாலிசிகளில் இதை ஆண்டுக்கு இரண்டு முறைதான் பயன்படுத்தலாம் என்பதையும், ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட காருக்கு இது கிடைப்பது அரிதாகிவிடும் என்பதையும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பம்பர் டு பம்பர் என்ற சொல்லே ஒருமுறை தமிழ்நாட்டில் பெரிய குழப்பத்தைக் கிளப்பியது. 2021 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புது வாகனங்கள் அனைத்துக்கும் ஐந்து ஆண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் உத்தரவிட்டது. அந்த வழக்கின் உண்மையான கவலை பம்பரைப் பற்றியது அல்ல; காரில் இருப்பவர்களுக்கும் ஓட்டுகிறவருக்கும் பாதுகாப்பு இல்லாமல் போவதைப் பற்றியது. நடைமுறைக்கு ஒத்துவராது என்று எடுத்துச் சொல்லப்பட்டதும் சில வாரங்களிலேயே நீதிமன்றம் உத்தரவைத் திரும்பப் பெற்றது.

டயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகக் கார்களின் டயர் பக்கவாட்டில் மெல்லியது. குழியில் இறங்கினால் வீங்கிவிடும், அலாய் சக்கரம் நெளிந்துவிடும். டயர் மட்டும் கெட்டால் சாதாரணப் பாலிசி ஒன்றும் தராது. அதே விபத்தில் காரும் சேதமானால்தான், அதுவும் பாதி விலை. அதனால் டயருக்கென்று தனிச் சேர்க்கை விற்கிறார்கள். வெள்ளத்துக்கும் இதேபோல் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டுக் கிளப்பினால் எஞ்சினுக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளையும். அது வெள்ளத்தின் சேதம் அல்ல, கிளப்பியதன் விளைவு என்று கிளெய்ம் தள்ளப்படும். எஞ்சின் புரொடெக்ட் என்ற சேர்க்கை இதற்காகத்தான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பலர் இந்தப் பெயரையே முதல்முறை கேள்விப்பட்டார்கள். உயரம் குறைக்கப்பட்ட காருக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே போதும்.

இளைஞர்களில் பலருக்கு கார் அப்பா பெயரில்தான் இருக்கும். கடன் அவர் பெயரில் கிடைக்கும் என்பதுதான் முக்கியக் காரணம். பிரிட்டனைப் போல இங்கே இது மோசடி இல்லை. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, ‘ஓனர் டிரைவர்’ என்று அச்சிட்டிருப்பதுபோலவே, உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருக்கும் ஒரே ஆளுக்கு உரியது. ஆர்.சி. அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டும்போது இறந்தால் அந்தப் பதினைந்து லட்சம் கிடைக்காது. தேர்டு பார்ட்டியிலும் வராது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் அல்ல என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் வந்த இன்னொரு வழக்கில், கர்நாடகத்தில் ஃபியட் லினியா காரை வேகமாக ஓட்டிக் கவிழ்த்து இறந்தவரின் குடும்பம் 80 லட்சம் ரூபாய் கேட்டது. தன் தவறால் தானே இறந்தவருக்கு நிறுவனம் ஈடு தர வேண்டியதில்லை என்ற உயர் நீதிமன்ற முடிவில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. மகனின் பெயரைக் குறிப்பிட்டுப் பாலிசியில் விபத்துக் காப்பு சேர்த்துக்கொள்ளலாம். அல்லது அவர் பெயரில் தனி விபத்துப் பாலிசி எடுக்கலாம். இரண்டும் பெரிய செலவல்ல.

அப்பா பெயரில் கார் இருப்பதால் சேராமல் போவது இன்னொன்றும் உண்டு, நோ கிளெய்ம் போனஸ் எனப்படும் என்.சி.பி. கிளெய்ம் கேட்காத முதல் ஆண்டுக்கு ஓன் டேமேஜில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்து 25, 35, 45, ஐந்தாண்டு முடிந்தால் 50. இது காரோடு ஒட்டியதல்ல, ஆளோடு ஒட்டியது. பழைய காரை விற்றுப் புது கார் வாங்குபவர் அதற்கான கடிதத்தை வாங்கி மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்தலாம். ஆனால் அப்பாவின் என்.சி.பி. அவர் உயிரோடு இருக்கும்வரை மகனுக்கு மாறாது. முதல் காரைத் தன் பெயரில் வாங்கும் மகன், ஆன்லைன் படிவத்தில் ‘50%’ என்ற கட்டத்தைத் தட்டிவிட்டால் விலை சட்டென்று இறங்கும், யாரும் தடுக்க மாட்டார்கள். கிளெய்ம் வரும்போது பழைய நிறுவனத்திடம் ஒரு மின்னஞ்சலில் அது தெரிந்துவிடும். ஒரே ஒரு கிளெய்ம் என்.சி.பி.யைப் பூஜ்யமாக்கும் என்பதால், ஓன் டேமேஜ் 20,000 ரூபாயும் என்.சி.பி. 35 சதவீதமும் உள்ளவர் ஆறாயிரம் ரூபாய்க் கீறலுக்குக் கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு ஏழாயிரத்தை இழக்கிறார். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சேர்த்தது எல்லாம் போகும்.

புது வேகக் காரின் விலை எட்டாத இளைஞர்கள் பழையதைத் தேடுகிறார்கள். ஃபியட் அபார்த் புன்டோ, போலோ ஜி.டி., ஆக்டேவியா ஆர்.எஸ். ஆகியவற்றுக்கு இன்றும் கிராக்கி. இங்கே முதல் விதி பெயர் மாற்றம். விற்பனை நடந்ததும் தேர்டு பார்ட்டி வாங்கியவருக்குத் தானாக மாறும், ஓன் டேமேஜ் மாறாது. பதினான்கு நாளுக்குள் நிறுவனத்திடம் சொல்லிப் பெயர் மாற்ற வேண்டும். ‘இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு’ என்று விற்பவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது அவருடைய இன்சூரன்ஸ். இரண்டாவது சிக்கல் மதிப்பு. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் முழு இழப்பாகக் கணக்கிடப்படும். உற்பத்தி நின்றுபோன காரின் ஐ.டி.வி. சிறியது, உதிரிபாக விலையோ பெரியது. இரண்டு ஏர்பேக் விரிந்து ஒரு ஹெட்லைட் உடைந்தாலே கோடு தாண்டிவிடும். உரிமையாளர் ஆசையாகத் தேடிப் பிடித்த கார் ஸ்க்ராப் கடைக்குப் போகும். ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு ஐ.டி.வி. பேசித் தீர்மானிப்பது. ஆன்லைனில் பிரீமியம் குறைவாகத் தெரிவதற்காக அதைக் கீழே இழுத்துக்கொள்பவர்கள் இந்தக் கோட்டையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள்.

பிரீமியத்தைக் குறைக்கும் வழிகளில் சில பெயருக்குத்தான். சேதத்தில் முதல் 15,000 ரூபாயைத் தானே ஏற்பதாக எழுதிக் கொடுத்தால் பழைய பட்டியலில் கிடைத்த தள்ளுபடிக்கு உச்சம் 2,500 ரூபாய். புதிதாக ஓட்டக் கற்றவருக்கு இது நஷ்டக் கணக்கு. அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவிக்கு அதிகபட்சம் 500. இவற்றைவிடப் பயனுள்ளது 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்த புதிய வகை. குறைந்த கிலோமீட்டர் ஓட்டுபவருக்கும், கருவியோ செல்பேசிச் செயலியோ கண்காணிக்க நிதானமாக ஓட்டுபவருக்கும் ஓன் டேமேஜில் தள்ளுபடி. வார இறுதியில் மட்டும் வெளியே வரும் வேகக் காருக்கு முதல் வகை நன்றாகப் பொருந்தும். இரண்டாவது வகை பிரிட்டனின் பிளாக் பாக்ஸுக்குத் தம்பி.

மின்சாரக் கார்கள் வந்த பிறகு சி.சி. என்ற அளவுகோலுக்கே வேலையில்லாமல் போயிற்று; அவற்றில் அளக்க சிலிண்டர் இல்லை. அதனால் தேர்டு பார்ட்டிப் பட்டியலில் முதல்முறையாக மோட்டாரின் திறன் ஏறியது. 30 கிலோவாட் வரை 1,780 ரூபாய், 65 கிலோவாட் வரை 2,904, அதற்கு மேல் 6,712. புது காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் மேல் வரிசைக்கு 20,907. மஹிந்திரா பி.ஈ. 6-இன் பெரிய வகை 210 கிலோவாட் தருகிறது. அதில் பாதித் திறன்கூட இல்லாத 66 கிலோவாட் கார் ஒன்று பக்கத்தில் நின்றாலும் இரண்டுக்கும் ரசீதில் ஒரே தொகைதான்.